ஆரணிக் கல்லின் எடைக்கு ஒரு சக்கரம்

சென்னைத் துறைமுகத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, கைலியில் சுற்றி வைத்திருந்த இரும்புச் சக்கரம். சாப்பாட்டுத் தட்டின் அகலம், இரண்டு செங்கல்லின் கனம். நடுவில் ஒரு துளை, ஓரமாக இன்னொரு துளை. அந்த ஓரத் துளையிலிருந்து விளிம்பு வரை மயிரிழை போல ஒரு விரிசல்.

"இது என்ன?"

"மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குள்ளே சுழலும் சக்கரம். ஃப்ளைவீல்."

"விக்கறதுக்கா?"

"இல்லை, இது உடைந்தது. இதே மாதிரி நல்லது ஒன்று வாங்கிப் போக வந்திருக்கிறேன். ஆரணியில் இருக்கிறதாம்."

அவர் சக்கரத்தைப் பார்த்தார், பிறகு என் கடவுச்சீட்டைப் பார்த்தார். மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் டேப் ரெக்கார்டர் கொண்டுவருவார்கள், தைலம் கொண்டுவருவார்கள். உடைந்த இரும்பைக் கடல் கடந்து தூக்கி வந்தவனை அவர் அதுவரை பார்த்திருக்கமாட்டார். "ஆரணிக்குப் பட்டு வாங்கத்தான் சார் போவாங்க, இரும்பு வாங்க யாரும் போகமாட்டாங்க" என்று சொல்லி, பெட்டியின் மேல் சாக்குக் கட்டியால் ஒரு கோடு இழுத்து அனுப்பிவிட்டார். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த முதல் சரியான தகவல் அது. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதி அது. நான் கோலாலம்பூர்த் தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் ஈப்போ நிருபர். சக்கரம் என் அண்ணன் இராஜமாணிக்கத்தினுடையது. அவர் ஈயச் சுரங்கத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ரப்பர்த் தோட்டத்து வெள்ளைக்கார மேலாளர் ஒருவர் ஜப்பான்காரன் வந்தபோது போட்டுவிட்டு ஓடிய ஆங்கிலேய மோட்டார் சைக்கிளை, கோழிக் கூண்டுக்கு அடியிலிருந்து எடுத்து வந்து, வருடக்கணக்கில் ஒவ்வொரு உறுப்பாகச் செப்பம் செய்துவந்தார். கடைசியில் மிச்சம் இருந்தது எஞ்சின். அதன் இரண்டு சக்கரங்களில் ஒன்று, அச்சை அழுத்திப் பொருத்தும்போது விரிசல் விட்டது. வண்டியைச் செய்த கம்பெனியோ இங்கிலாந்தில் என்றோ மூடப்பட்டுவிட்டது.

இதற்குள் அண்ணனின் கண் கெட்டுக்கொண்டு வந்தது. கண்ணுக்குள் அழுத்தமாம். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி, ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகியிருந்தது. போன பார்வை திரும்பாது, மிச்சமும் அதிக காலம் நிற்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வேறு மெக்கானிக்கிடம் எஞ்சினைக் கொடுக்கலாமே என்று கேட்டேன். "அவன் பூட்டினால் அது அவன் வண்டி" என்றார் அண்ணன். அதற்குமேல் பேச்சு இல்லை. கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போதே சக்கரம் அவர் கைக்கு வந்தாக வேண்டும்.

பக்கத்து வீட்டு அம்மாள் ஆரணிக்காரர். அவருடைய அண்ணன் தேவசகாயம் அங்கே மிஷன் பள்ளியில் ஆசிரியர். ஆரணியில் முன்பு ஊழியம் செய்த வெள்ளைக்காரப் பாதிரியார் இதே வண்டியைத்தான் ஓட்டினார், வண்டி இன்னும் ஊரில்தான் இருக்கிறது என்று அவர் எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை நம்பித்தான் கப்பல் ஏறினேன்.

வேலூரிலிருந்து முதல் பஸ். சக்கரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு துணிப் பையில் போட்டு இருக்கைக்கு அடியில் வைத்திருந்தேன். கண்ணமங்கலம் வந்ததும் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். பை புறப்பட்டு, பல கால்களைத் தாண்டி, ஓட்டுநரின் இருக்கையில் போய் மோதி நின்றது.

"யார்துபா இது, ஜல்தி எடு. பிரேக்குக்கு அடியில பூந்தா எல்லாரும் சேந்து மேல போயிடுவோம்" என்றார் ஓட்டுநர், திரும்பாமல்.

பை இடித்த காலைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பையில இன்னாங்க, அம்மிக்கல்லா? பொண்ணுக்கு சீரு எத்தினு போறீங்களா?" பஸ் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்போடு, நடத்துனரும் ஓட்டுநரும் இறங்கிப் போய் டீ குடித்தார்கள், பேப்பர் படித்தார்கள். ஈப்போவில் பஸ் தாமதமானால் பயணிகள் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். இங்கே அவர்களும் இறங்கிப் போய் டீ குடிக்கிறார்கள்.

ஆரணியில் இறங்கி ரிக்‌ஷா பிடித்தேன். தேவசகாயம் வாத்தியாரின் தெரு முனை வரை வந்த ரிக்‌ஷாக்காரர் காலை ஊன்றி நின்றுவிட்டார். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, இடுப்பு உயரத்தில், பட்டு நூல் ஆயிரக்கணக்கான இழைகளாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் நடந்து நடந்து கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள்.

"பாவு போட்டுகினு கீறாங்க. அவுத்தாதான் வழி."

"எப்போது அவிழ்ப்பார்கள்?"

"காஞ்சப்புறம்."

"எப்போது காயும்?"

அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கேள்வி எனக்கே அசட்டுத்தனமாகப் பட்டது. ஈப்போவில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தெருவை அடைப்பார்கள். இங்கே நூல் காய்வதற்காகத் தினம் அடைக்கிறார்கள். ஒரு நாயும் ஒரு தபால்காரரும் குனிந்து அடியில் புகுந்து போனார்கள். நான் சக்கரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றிப் பின்வாசல் வழியாக வாத்தியார் வீட்டுக்குள் நுழைந்தேன்.

தேவசகாயம் வாத்தியார் ஐம்பது வயதுக்காரர், எதற்கும் கவலைப்படாத முகம். சுடச்சுட இட்லியும் வடகறியும் வைத்துவிட்டு ஊர்க்கதை கேட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் வண்டி எங்கே என்று கேட்டேன்.

"கீது சார்."

"பார்க்கலாமா?"

"பாக்கலாமே. எல்லாத்தையும் பாக்கணும்னா ரெண்டு மூணு நாளு ஆவும்."

"ஒரு வண்டியைப் பார்க்க எதற்கு மூன்று நாள்?"

"வண்டி கீது சார். ஒரே எடத்துல இல்ல, அவ்ளோதான்" என்றார் வாத்தியார்.

அடுத்து வந்த நாட்களில் அவர் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து பாதிரியார் வண்டி முழுவதையும் பார்த்தேன். பெட்ரோல் டாங்க் ஒரு மளிகைக் கடையில் மண்ணெண்ணெய் பிடித்து வைத்திருந்தது. ஹேண்டில் பார் முடிதிருத்தகத்தில் துண்டு காயப்போடும் கொடியாகியிருந்தது. பின்சக்கரம் சேத்துப்பட்டுச் சாலையில் ஒரு கிணற்றுக்கு ராட்டினம். சீட்டின் மேல் டீக்கடை முதலாளி உட்கார்ந்திருந்தார். எழுந்து காட்டும்படி வாத்தியார் கேட்டபோது மறுக்காமல் எழுந்து, நான் பார்த்து முடிக்கும் வரை நின்று, திரும்ப உட்கார்ந்தார். யாரும் எதையும் ஒளிக்கவில்லை. "தொரை வண்டிது இல்ல, எப்பிடி ஒழைக்குது பாருங்க" என்று பெருமையாகக் காட்டினார்கள். எனக்கு வேண்டிய ஒரு உறுப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆரணி எனக்குத் தரத் தயாராக இருந்தது. ஒருவர் ஹாரனை ரப்பர் உருண்டையோடு கையில் திணித்தே விட்டார்.

எஞ்சினின் வெளிக்கூடு ரஹீம் பாயின் லேத் பட்டறை வாசலில் கிடந்தது. உள்ளே காலி. ஒரு பூனை குட்டி போட்டிருந்தது.

"சக்கரம் ரெண்டு இருந்திச்சி" என்றார் ரஹீம் பாய், மூக்குக்கண்ணாடியைத் தூக்கி என் உடைந்த சக்கரத்தைத் தடவிப் பார்த்தபடி. "ஒண்ணு கெணத்துல பூட்ச்சி. வாளி உயுந்துடுச்சின்னு அத்த கயித்துல கட்டி கொக்கி மாட்டி எறக்கினாங்கோ. கயிறு மட்டும் மேல வந்திச்சி."

"இன்னொன்று?"

"கன்னியப்பன் தறில தொங்குது."

ரஹீம் பாய்க்கு அந்தச் சக்கரத்தைப் பற்றி இன்னொரு விஷயமும் தெரியும். அதை அவர் அன்றைக்குச் சொல்லவில்லை.

கன்னியப்பன் வீட்டில் கூடம் முழுக்கத் தறிதான். நாற்பது வயதிருக்கும் கன்னியப்பனுக்கு. தறியில் கை ஓட, வாய் ரேடியோவில் பேசுகிறவருக்கு மறுப்புச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் மனைவி கஸ்தூரி சுவரோரம் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். தறியின் மறுகோடியில், பாவு சுற்றிய உருளை தானாக உருண்டுவிடாமல் பிடித்துக்கொள்ள, இரண்டு முனையிலும் கயிற்றில் ஒவ்வொரு கனம் தொங்கியது. இடப்பக்கம் ஒரு கல். அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். வலப்பக்கம் நான் தேடிவந்த சக்கரம். நான் தரையில் உட்கார்ந்து, பையிலிருந்த உடைந்த சக்கரத்தைப் பக்கத்தில் வைத்துத் துளைகளை ஒப்பிட்டேன். எஞ்சினின் இரண்டு சக்கரங்களில் எங்களுக்கு உடைந்தது எதுவோ அதேதான். விரிசல் இல்லை. துரு கூட இல்லை.

வந்த காரியத்தைச் சொன்னேன். அண்ணனின் கண்ணைப் பற்றியும் சொன்னேன். கன்னியப்பன் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"எட்த்துகினு போங்க சார், எனக்கு இன்னாத்துக்கு அது" என்றார். நான் எழுந்தேன். "பொடவ அறுத்தப்புறம்" என்று முடித்தார்.

சேலையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்தெடுக்கும்வரை, பாதியில் கனத்தை மாற்றக்கூடாதாம். மாற்றினால் அந்த இடத்தில் ஒரு கோடு விழுமாம். முகூர்த்தப் புடவை வேறு.

"அதே எடைக்கு ஒரு மணல் மூட்டை கட்டித் தருகிறேனே?"

"மணலு மழைக்கு தண்ணி குட்ச்சி கனக்கும் சார்."

"செங்கல்?"

"கயிறு ஒராஞ்சி ஒராஞ்சி தேஞ்சி பூடும்."

"சரி, சேலையை எப்போது அறுப்பீர்கள்?"

"முந்தானைதான் பாக்கி. ஜரிகை வந்துட்டா அமாவாசைக்கு மின்ன அறுத்துடுவேன்."

என் கப்பல் அமாவாசை முடிந்து சில நாளில் புறப்படுகிறது. கணக்கு சரியாக இருந்தது. கணக்கு சரியாக இருக்கும்போதெல்லாம் ஆரணியில் மழை வரும் என்று யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

ஜரிகை வந்தது. அதோடு மழையும் வந்தது. ஈரக்காற்றில் பாவு நமுத்துவிடும் என்று கன்னியப்பன் தறியை விட்டு எழுந்துவிட்டார். நான் குடை பிடித்துப் போய் வாசலில் நிற்பேன். அவர் உள்ளேயிருந்து இழைகளை விரலால் தட்டிப் பார்ப்பார். "இன்னிக்கி தூங்குது சார்" என்பார். பாவு தூங்குகிறதாம். மறுநாளும் தூங்கியது.

செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் சாப்பிட்டேன். வாத்தியார் மனைவி கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் செய்து போட்டார். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று தெரியாமல் நான் மென்றுகொண்டிருந்ததை அந்த வீடே ரசித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பிரியாணி. யாரோ ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கி வந்தார்கள். ஈப்போவில் காப்பி நன்றாக இருக்கும். அதைத் தவிர ஊரைப் பற்றி விட்டுக்கொடுக்காமல் பேச எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கவளத்துக்கும் அண்ணன் ஞாபகம் வந்தது. அங்கே அவர் மேசையில் உறுப்புகளை வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடிக்கொண்டிருப்பார். நான் இங்கே களி தின்றுகொண்டு ஒரு பாவு விழிப்பதற்குக் காத்திருக்கிறேன்.

மழைக்கு நடுவில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. உடைந்த சக்கரத்தையே மாற்றாகக் கொடுத்துவிட்டால் என்ன? எஞ்சினுக்குத்தான் அது உதவாது, கயிற்றில் தொங்குவதற்கு உதவுமே. ஒரே கம்பெனி, ஒரே அச்சு, ஒரே எடை. கன்னியப்பனிடம் சொன்னேன். அவர் சக்கரத்தை வாங்கி விரிசலின் மேல் விரலை வைத்தார்.

"விரிசல் உட்டத தறில மாட்டுவாங்களா சார்? பொண்ணுக்கு தாலி ஏறப்போற பொடவ."

"இது கண்ணுக்கே தெரியாதே."

"எனக்கு தெரியுமே."

கஸ்தூரி நூலிலிருந்து நிமிராமல் சொன்னார்: "வெல்டிங் வெச்சா விரிசல் ஏது? அட்ச்சிகினு வரச் சொல்லுங்க." அந்த வீட்டில் உருப்படியாகப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான் என்பதை நான் முன்பே குறித்துக்கொண்டிருந்தேன். வெல்டிங் கடைக்கு ஓடினேன். வெல்டிங்காரர் விரிசலின் மேல் புழு ஊர்ந்ததுபோல் ஒரு தழும்பு வைத்து அனுப்பினார். அண்ணன் பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

மழை விட்டது. பாவு விழித்தது. அமாவாசைக்கு முதல் நாள் பொழுது சாயும் நேரத்தில் கன்னியப்பன் புடவையை அறுத்தார். அரக்கும் மாம்பழ மஞ்சளும் கலந்த புடவை. நன்றாக இருந்தது. நான் அதை அதிக நேரம் பார்க்கவில்லை.

"கழற்றிக்கொள்ளலாமா?"

"பொழுது பூடுச்சே சார். வௌக்கு வெச்சிட்டாங்க. நாளைக்கி அமாவாச, தறிக்கு லீவு. நாளைக்கி கழட்டிடலாம்."

"நாளைக்கே எடுத்துப் போகிறேன்."

"நாளைக்கி எட்த்துகினு போவக்கூடாது. அமாவாச அன்னிக்கி ஊட்லேருந்து இரும்ப வெளிய தர்றதா?"

"அப்படியென்றால் அதற்கு மறுநாள் வந்து கழற்றி எடுத்துப் போகிறேன்."

"மறுநாளு அடுத்த பொடவைக்கி தறி ஓடிகினு இருக்குமே. அப்போ எப்பிடி கழட்றது?"

இதை அவர் எந்தக் குறும்பும் இல்லாமல் சொன்னார். கழற்றலாம் என்ற நாளில் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோகலாம் என்ற நாளில் கழற்றக் கூடாது. நான் அமைச்சர்களைப் பேட்டி கண்டவன். இப்படி நாலு பக்கமும் அடைத்த பதிலை எந்த அமைச்சரிடமும் வாங்கியதில்லை. வாத்தியார் "கர்த்தர் வழி தொறப்பாரு" என்று என் தோளைத் தட்டினார். வழியைத் திறந்தது கஸ்தூரி. "நாளைக்கி கழட்டி, இவுருத மாட்டிட்டு, அத்த மூலைல வெச்சிடுங்க. மறுநாளு வந்து எட்த்துகினு போவட்டும். இதுக்கு போயி ஒரு பேஜாரா?"

அமாவாசை அன்று காலையில் வாத்தியாரும் நானும் போனோம். கன்னியப்பன் குளித்து நெற்றியில் பட்டையோடு இருந்தார். வலப்பக்கத்துச் சக்கரம் இறங்கியது. கல்லையும் இறக்கினார்கள். புதிதாக மாட்டுவது கல்லின் எடைக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. ஒரு மூங்கில் கழியின் நடுவில் கயிறு கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டு, ஒரு முனையில் கல்லையும் மறுமுனையில் என் வெல்டிங் சக்கரத்தையும் மாட்டினார்கள்.

என் பக்கம் தரையைத் தொட்டது.

"வெல்டிங் கனம்" என்றார் வாத்தியார்.

வெல்டிங் வைத்தது விரல் நீளத் தழும்பு. அது இவ்வளவு கனக்காது. நான் என் சக்கரத்தை அவிழ்த்து, மூலையிலிருந்த அவர்கள் சக்கரத்தோடு விளிம்புக்கு விளிம்பு சேர்த்து நிறுத்திப் பார்த்தேன். என்னுடையது ஒரு சுண்டுவிரல் அகலத்துக்குப் பெரிது. இத்தனை நாளும் துளைகளையே ஒப்பிட்டுப் பார்த்தவன், விளிம்பைப் பார்க்கவில்லை. கயிறு விளிம்பை மூடியிருந்தது.

"இது ஏன் சின்னதாக இருக்கிறது?"

"கடஞ்சோம் சார்" என்றார் கன்னியப்பன். "இரும்பு கனமா இருந்திச்சி, கல்லு எளப்பமா இருந்திச்சி. ஒரு பக்கம் கனத்தா பொடவல ஒரு கரை இறுகி ஒரு கரை தளந்துடும். அத்தொட்டு ரஹீம் பாய் கிட்ட குட்த்து கல்லு எடைக்கு கடஞ்சோம்."

"கனமான கல்லாக வேறு ஒன்று எடுத்திருக்கலாமே? ஊரெல்லாம் கல்தானே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, கொஞ்சம் இரக்கம் இருந்தது. "பொட்டு வெச்ச கல்ல மாத்துவாங்களா சார்?"

"அந்தக் கல்லோடு சின்னக் கல் ஒன்றைச் சேர்த்துக் கட்டியிருக்கலாம்."

"சாமிக்கு ஒட்டு போட சொல்றீங்களா?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடல் கடந்து வந்து, மழைக்கும் ஜரிகைக்கும் அமாவாசைக்கும் காத்துக்கிடந்து, கடைசியில் கிடைத்தது கடைந்து இளைக்க வைத்த சக்கரம். எஞ்சினுக்குள் இரண்டு சக்கரமும் ஒரே கனமாக இருக்க வேண்டும் என்பது எனக்கே தெரியும். அதற்குள் கன்னியப்பன் என் சக்கரத்தின் கனத்தைக் கையால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தயும் கடைய வேண்டிதுதான்" என்றார்.

ரஹீம் பாயின் பட்டறைக்கு அமாவாசை கிடையாது. லேத்தில் அண்ணனின் சக்கரம் சுழல, இரும்பு சுருள் சுருளாக உதிர்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"பாய், அந்தச் சக்கரத்தையும் நீங்கள்தானே கடைந்தீர்கள்? முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

"எங்க கீதுன்னு கேட்டீங்கோ, சொன்னேன். எப்பிடி கீதுன்னு நீங்க கேக்கலியே."

நிருபராகப் பிழைக்கிற ஒருவனுக்கு இதைவிட மோசமான பதில் இருக்க முடியாது.

மறுநாள் காலை, அடுத்த சேலைக்குத் தறி ஓடிக்கொண்டிருந்தது. மூலையிலிருந்த சக்கரத்தை எடுத்துக் கைலியில் சுற்றினேன். இதைக் கொண்டுபோவதா, கிணற்றில் இருக்கும் மற்றதோடு போட்டுவிட்டுப் போவதா என்று இரவெல்லாம் யோசித்தாயிற்று. வெறுங்கையோடு அண்ணன் முன்னால் போய் நிற்கத் தெரியவில்லை. அதனால்தான் எடுத்தேன், வேறு காரணம் இல்லை.

கன்னியப்பன் தறியிலிருந்து எழுந்து வந்தார். "இங்க வந்து பாருங்க சார்" என்று மறுகோடிக்குக் கூட்டிப்போனார். வலப்பக்கம் என் சக்கரம் தொங்கியது. வெல்டிங் தழும்பின் மேல் மஞ்சள் பூசி நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள்.

"ஒங்க அண்ணன்துன்னு பொட்டு வெச்சிட்டேன். இனிமே இத்த ஒருத்தனும் கடைய முடியாது" என்றார்.

பழையதற்கு ஏன் வைக்கவில்லை என்று கேட்க நினைத்தேன். வைத்திருந்தால் அதைக் கடைந்திருக்கவும் முடியாது, கழற்றி எனக்குத் தந்திருக்கவும் முடியாது என்று ஒரு மாதிரி புரிந்துவிட்டதால் கேட்காமல் கிளம்பினேன். தெருவில் பாவு போட்டிருந்தார்கள். இந்தத் தடவை குனிந்து அடியில் புகுந்து போனேன்.

ஈப்போவில் அண்ணன் சக்கரத்தை மடியில் வைத்து முதலில் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பிறகு கண்ணை விட்டுவிட்டு விரலால் விளிம்பைச் சுற்றி வந்தார். ஒரு சுற்று வந்ததும் விரல் நின்றது.

"கடைந்திருக்கிறான்."

"ஆமாம்." நடந்ததெல்லாம் சொன்னேன். மழையில் தூங்கிய பாவைப் பற்றி, கல்லைப் பற்றி, பொட்டைப் பற்றி, அவருடைய சக்கரம் இப்போது எங்கே தொங்குகிறது என்பது வரை. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சக்கரத்தை ஒரு அச்சில் செருகித் தட்டிவிட்டார். அது சுற்றிச் சுற்றி, இழுக்காமல், மெதுவாக நின்றது.

"சுற்றிலும் ஒரே அளவாகக் கடைந்திருக்கிறான்."

"அதனால் என்ன? மற்ற சக்கரம் கனமாக இருக்கிறதே."

"அதையும் கடைந்து இந்த எடைக்குக் கொண்டுவந்தால் போச்சு. பந்தயக்காரன் வேண்டுமென்றே செய்வதுதானே." கொஞ்சம் யோசித்தார். "என்ன, வண்டி மெதுவாகப் போகும்போது திணறும்."

பூட்டுவதற்கு அவருக்கு மாதங்கள் ஆயின. அவர் பார்வையின் குழாய் இன்னும் குறுகிவிட்டிருந்தது. ஒரு திருகாணி கை தவறிக் கீழே விழுந்தால் தேடி எடுப்பதற்கு அரை மணி நேரம் ஆகும். எடுத்துக் கொடுக்க என்னை விடமாட்டார். கடைசித் திருகாணியை முடுக்கும்போது அவர் கண்ணையே மூடிக்கொண்டிருந்தார். அது பழக்கமா, வேறு வழியில்லாமலா என்று நான் கேட்கவில்லை. மூன்றாவது உதையில் வண்டி உயிர் பிடித்தது. தெருவே வந்து எட்டிப் பார்த்தது.

இப்போது ஞாயிறுதோறும் நான் ஓட்டுகிறேன், அண்ணன் பின்னால் உட்கார்ந்து வருகிறார். சாலையில் வேகமாகப் போகும்போது குறை சொல்ல ஒன்றும் இல்லை. சிவப்பு விளக்கில் நின்றால் இரண்டு இருமல் இருமி அணைந்துவிடுகிறது. ஈப்போவில் விளக்குகளுக்குப் பஞ்சமில்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிப்பான், சீனப் பிள்ளைகள் நடைபாதையில் நின்று சிரிப்பார்கள், நான் வியர்த்து வழிய உதைத்துக்கொண்டிருப்பேன். ஆரணியில் எவரோ ஒரு கல்லுக்குப் பொட்டு வைத்துத் தொலைத்ததற்கு இங்கே நடுரோட்டில் நான் அனுபவிக்கிறேன்.

அண்ணன் இறங்குவதில்லை. பார்வை முழுதும் போய்விட்ட முகத்தை எஞ்சினின் பக்கம் சாய்த்து, "அவசரப்படாதே, தூங்குகிறது" என்கிறார்.